பொருள்: மக்களைச் சரக்காக வகைமாற்றம் செய்யக் கோருதல் – சார்பு

திங்கட்கிழமை மனு வரிசையில் நின்று பழகியவர்களுக்கு ஒரு ரகசியம் தெரியும். மனு கொடுப்பது குறை தீர்வதற்காக அல்ல. அடுத்த மனுவில் ‘பார்வை’ என்று போட ஒரு தேதி கிடைப்பதற்காக. என் பட்டா பெயர் மாற்ற மனுவில் இப்போது ‘பார்வை’ ஐந்து இருக்கிறது. வயது பதினான்கு மாதம். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் ‘பார்வை’ பத்தாகிவிடும்.

வெளியே புங்கமரத்தடியில் மடக்கு மேசை போட்டு மனு எழுதித் தருகிற பெரியவரிடம் போய் உட்கார்ந்தேன். மனுவுக்கு ஐம்பது ரூபாய். எழுத்து முத்து முத்தாக இருக்கும். பலன் பற்றி அவர் எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

“என்ன தம்பி, மறுபடியும் பட்டாவா?”

“இல்லைங்க ஐயா, இது வகைமாற்றம்.”

“புஞ்சையை மனையாக்கணுமா?”

“மனுஷனைச் சரக்காக்கணும்.”

பெரியவர் பேனா மூடியைக் கழற்றினார். இருபது வருஷமாக அந்த மரத்தடியில் உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் அதிசயமில்லை. “அனுப்புநர், பெறுநர் எல்லாம் கடைசியில போட்டுக்கலாம். விஷயத்தைச் சொல்லுங்க.”

சொன்னேன். எழுதினார்.

ஐயா,

1. 2025 மார்ச் தொடங்கி ஏப்ரல் முதல் பத்து நாட்களுக்குள் சென்னை மீனம்பாக்கத்திலிருந்து ஆறு சரக்கு விமானங்கள் அமெரிக்காவுக்குப் பறந்தன. ஒவ்வொன்றும் 100 டன் கொள்ளும். மொத்தம் 600 டன் ஐபோன். எண்ணினால் ஏறக்குறைய 15 லட்சம். டிரம்ப் ஏப்ரல் 2ஆம் தேதி உலகத்துக்கே வரி விதித்தார். நமக்கு 26 சதவீதம். சீனத்துக்கு விதித்தது ஏலம்போல் ஏறி ஒரே வாரத்தில் 125 சதவீதத்தில் நின்றது. அந்தக் கதவு சாத்துவதற்குள் பெட்டி அக்கரை சேர வேண்டும். கப்பல் என்றால் வாரக்கணக்கு. ஆகவே ஆகாயம்.

இந்தப் பெட்டிகளுக்காகச் சுங்கத்தில் ‘பச்சை வழி’ திறந்தார்கள். 30 மணி நேரம் பிடித்த அனுமதி 6 மணி நேரமாகச் சுருங்கியது. ஐபோன் செய்யும் ஸ்ரீபெரும்புதூர் ஆலை ஞாயிற்றுக்கிழமையும் ஓடியது. இத்தனைக்கும் பிறகு ஏப்ரல் 11ஆம் தேதி இரவு வாஷிங்டனிலிருந்து அறிவிப்பு வந்தது: புதிய வரியிலிருந்து கைப்பேசிகளுக்கு விலக்கு. ஓடியது போதும், ஓடவே வேண்டியதில்லை என்று ஆணை. அதற்குள் ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. அவற்றைத் திருப்பித் தர எந்த அறிவிப்பும் வரவில்லை.

இதே நாட்டில், ஐயா, நான் 14 மாதமாக என் தகப்பனாரின் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆகவே இங்கே வேகம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பமாட்டேன். வேகம் இருக்கிறது. அது எனக்கில்லை, அவ்வளவுதான்.

2. சரக்குக்குக் கிடைக்கும் உபசாரத்தைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். பெட்டி ஒன்று 350 கிராம். அதை அட்டைப் பெட்டிக்குள் வைத்து, அந்த அட்டைப் பெட்டியை லாரியில் வைத்துப் பூட்டி, பூட்டுக்குச் சீல் வைக்கிறார்கள். சீலுக்கு எண் உண்டு. லாரி எங்கே நிற்கிறது, எங்கே போகிறது என்று திரையில் பார்த்துக்கொண்டிருக்க ஆள் உண்டு. சரக்கு முனையத்தில் எடை பார்ப்பார்கள், எக்ஸ்ரே பார்ப்பார்கள். பிறகு அலுமினியப் பலகை. 125 அங்குலம் நீளம், 96 அங்குலம் அகலம். அதன்மேல் செங்கல் சுவர்போல் அடுக்கி, மழைத்துளி படாமல் பிளாஸ்டிக் தாள் சுற்றி, வலை போட்டு இறுக்கி, விமானத்துக்குள் உருளைகளின்மேல் தள்ளி, தரையோடு பூட்டுவார்கள். குலுங்கக்கூடாது. நனையக்கூடாது. ஒன்று குறைந்தாலும் கேள்வி.

அந்தக் கைப்பேசியைச் செய்த பெண் எங்கே படுத்தாள் என்பதும் அரசு அறிந்த விஷயம். 2021இல் அந்த ஆலைப் பெண்களின் விடுதிகளைப் பற்றி வந்த செய்திகள் சொன்னவை: ஓர் அறைக்கு 6 முதல் 30 பேர், தரையில் படுக்கை, சில கழிப்பறைகளில் தண்ணீர் வராது. பெட்டியைப் பலகையில் அடுக்கும்போது எத்தனை அடுக்கு, எவ்வளவு பாரம் என்று ஒருவர் கணக்கு வைத்திருந்தார். இவர்களை அறையில் அடுக்கும்போது அந்தக் கணக்குப்பிள்ளை விடுமுறையில் இருந்தார் போலிருக்கிறது.

“தம்பி, ஒண்ணு சொல்லட்டா?” பெரியவர் பேனாவை நிறுத்தினார். “சரக்கு சரக்குன்னு எழுதினா உள்ளே டாஸ்மாக் மனுன்னு அந்தப் பக்கம் தள்ளிடுவாங்க.”

“டாஸ்மாக் சரக்குக்கும் நல்ல மரியாதைதாங்க ஐயா. ஒருநாளும் நேரத்துக்கு வராம இருந்ததில்லை.”

“அது சரி. ஆனா பொம்பளைப் புள்ளைங்களைப் போயி...”

அவர் முடிக்கவில்லை. எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, அடையாள அட்டை மாட்டிப் போகிற பெண்களைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லிச் சிரிக்கிற கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு. அதையும் மனுவில் சேர்க்கச் சொன்னேன்: தெருவில் ஏற்கெனவே அந்தப் பெயர் வழங்கப்பட்டுவிட்டது, ஐயா. பெயர் இருக்கிறது, சலுகைகள்தான் பாக்கி.

3. 2021 டிசம்பர் நடுவில் அந்த விடுதிகள் ஒன்றில் ராத்திரிச் சோறு சாப்பிட்ட பெண்கள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக விழுந்தார்கள். சிகிச்சை பெற்றவர்கள் 250க்கு மேல். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் 159. சிலர் என்ன ஆனார்கள் என்றே மற்றவர்களுக்குத் தெரியவில்லை. செத்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. அது பொய் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்த ராத்திரியில் கூடப் படுத்தவள் உயிரோடு இருக்கிறாளா என்று சொல்ல ஆளில்லை. சீல் எண் இல்லை. திரையில் புள்ளி இல்லை.

அவர்கள் போய்ச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அறைக்குள் உட்கார்ந்து முனகிய வரைக்கும் கேட்காத காதுகளுக்கு, பெட்டி போகும் சாலையில் உட்கார்ந்ததும் கேட்டது. ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12இல் திறந்தது. விடுதியும் சாப்பாட்டுக் கூடமும் தன் தரத்துக்கு எட்டவில்லை என்று ஆப்பிள் கண்டுபிடித்து, ஆலையைத் ‘தகுதிகாண் நிலை’யில் வைத்தது. ஒரு திருகாணி கால் மயிரிழை கோணினால் கண்டுபிடிக்கிற நிறுவனத்துக்கு, ஒரு பருக்கை கெட்டதைக் கண்டுபிடிக்க 159 கட்டில்கள் தேவைப்பட்டன.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்க அரசு விடுதி கட்டித் திறந்தது. மகிழ்ச்சி. பெட்டிக்குப் பச்சை வழி, வரி வருவதற்கு முன்பே தயாராக இருந்தது. பெண்களுக்குக் கட்டில், வாந்தி எடுத்து இரண்டரை வருஷத்துக்கு மேல் கழித்து.

4. கூலி விவரம். 2021இல் அந்த ஆலையில் மாதச் சம்பளம் சராசரி 10,500 ரூபாய். அதிலேயே விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் ஒப்பந்தக்காரருக்குக் கட்ட வேண்டும். அந்தச் சமயம் அங்கே தயாரான ஐபோன் 12, இந்தியாவில் அறிமுகமான விலை 79,900. வகுத்துப் பார்த்தால் ஏழரை மாதச் சம்பளம். சோறு, தண்ணீர், ஊருக்குப் பணம் எதுவும் இல்லாமல் ஏழரை மாதம். நம் ஊரில் ஏழரை என்றால் எள்விளக்குப் போடுவார்கள். திருநள்ளாற்றுக்குப் போனால் தீரும் என்பார்கள். இந்த ஏழரைக்கு எந்தக் கோயில் என்று தெரிந்தால் தெரிவிக்கவும்.

5. கல்யாண விவகாரம். மணமான பெண்களை அந்த ஆலை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. பிள்ளை பெறுவார்கள், வீட்டுவேலை இருக்கும், லீவு போடுவார்கள், தாலியும் மெட்டியும் உலோகம் என்று காரணங்கள் அதில் அடுக்கப்பட்டிருந்தன. நிறுவனம் மறுத்தது, புதிதாக எடுத்தவர்களில் 25 சதவீதம் மணமானவர்கள் என்று கணக்குக் காட்டியது. நூற்றுக்கு 25 என்பது பரீட்சையில் பெயில்.

பெண் பார்க்க வந்தவன் “வேலைக்குப் போகிற பெண்ணா?” என்று கேட்கிறான். வேலைக்கு எடுக்க வந்தவன் “கல்யாணமான பெண்ணா?” என்று கேட்கிறான். இருவருக்கும் நடுவில் ஒருத்தி காலம் முழுக்கத் திருகாணி மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். சரக்குக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆறு மணி நேரத்தில் சுங்கம் கேட்ட எந்தக் கேள்வியிலும் “கல்யாணம் ஆயிடுச்சா?” இல்லை.

6. இழப்பீடு. பன்னாட்டு விமானத்தில் சரக்கு தொலைந்தாலும் கெட்டாலும் என்ன தர வேண்டும் என்பதற்கு 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கை இருக்கிறது. 2024 டிசம்பர் கடைசியிலிருந்து உச்சவரம்பு கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். அது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்குப் பணம். நம் காசில் கிலோவுக்கு 3,000 ரூபாய்க்கு மேல். அதன்படி 45 கிலோ எடையுள்ள ஒரு பெண் சரக்காக வகைமாற்றம் பெற்றால், அவள் விலை ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. எடை குறைந்தால் மதிப்புக் குறையும். அனுப்பும்போது 45, சேரும்போது 41 என்றால் நாலு கிலோ எங்கே என்று எவனாவது பதில் சொல்ல வேண்டும். ஒழுங்கான சோறு போட வேறு எந்தச் சட்டத்தாலும் முடியாதபோது, எடைத் தராசால் முடியும் என்று மனுதாரர் பணிவுடன் கருதுகிறார்.

எடையைப் பற்றிப் பேசும்போது ஒன்று ஞாபகம் வருகிறது. 2020இல் ஐபோன் பெட்டிக்குள்ளிருந்த சார்ஜரை எடுத்துவிட்டார்கள். பூமித்தாயின் நன்மைக்காக என்றார்கள். பெட்டி ஒல்லியானது, ஒரு பலகையில் 70 சதவீதம் வரை கூடுதலாக அடுக்கலாம் என்று பெருமைப்பட்டார்கள். ஐந்து வருஷம் கழித்து வரி என்றதும் அதே பெட்டிகள் 600 டன் ஆகாயமேறின. கடல் வழியைவிட விமானம் எத்தனை மடங்கு புகை கக்கும் என்று பூமித்தாயிடம் யாரும் கேட்கவில்லை. பூமிக்காகச் சார்ஜரை இறக்கினார்கள். வரிக்காகப் போனை ஏற்றினார்கள். சார்ஜரைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கியவர்கள் நாம்.

“இதுல ஆபத்து ஒண்ணும் இல்லையே தம்பி?” என்றார் பெரியவர். “விமானத்துல ஏத்தற சாமானுக்கு ஏதோ ரூல் இருக்குமே.”

இருக்கிறது. அதையும் எழுதச் சொன்னேன்.

7. கைப்பேசிக்குள் இருப்பது லித்தியம் பேட்டரி. விமானச் சரக்கு விதிகளில் அது 9ஆம் வகுப்பு, ‘இதர ஆபத்துப் பொருள்’. ஒரு செல் சூடேறினால் பக்கத்துச் செல்லையும் சூடேற்றும்; பிறகு அணைப்பது லேசல்ல. 2010 செப்டம்பர் 3ஆம் தேதி துபாயில் ஒரு சரக்கு விமானம் இப்படித்தான் எரிந்து விழுந்தது. ஏராளமான லித்தியம் பேட்டரி ஏற்றியிருந்தது. இரண்டு விமானிகள் மாண்டார்கள். அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. ஐந்தரை வருஷம் கழித்து, 2016 ஏப்ரலில் ஒரு விதி கட்டாயமானது: தனியாக அனுப்பும் லித்தியம் அயான் பேட்டரியில் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது.

இந்த விதியைப் படித்தபோதுதான் எனக்குப் பல விஷயங்கள் விளங்கின. நம் தொழிற்பேட்டைகளில் இது ரொம்ப காலமாக மனிதர்கள்மேல் அமலில் இருக்கிறது. ஆள் ஓட வேண்டும், ஆனால் 30 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. கொஞ்சம் தூக்கம், கொஞ்சம் சம்பளம், ஒப்பந்தக்காரர் கையில் வேலை. பக்கத்துச் செல்லோடு ஒட்டவிடக்கூடாது. ஒட்டினால் சூடேறும். சூடேறினால் அதற்குப் பெயர் சங்கம்.

ஒட்டிப் பார்த்தார்கள். அதே ஸ்ரீபெரும்புதூரில், குளிர்பெட்டியும் தொலைக்காட்சியும் செய்கிற சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024இல் சங்கம் பதிவு செய்யக் கேட்டார்கள். செப்டம்பர், அக்டோபரில் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெயிலுக்குப் போட்ட பந்தல் பிரிக்கப்பட்டது. கைதுகள் நடந்தன. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2025 ஜனவரி கடைசியில் பதிவு கிடைத்தது. விண்ணப்பம் போட்டது முந்தின வருஷ நடுவில். பெட்டிக்கு ஆறு மணி நேரம். ‘நாங்கள் ஒன்றாக இருக்கிறோம்’ என்று ஒரு காகிதத்தில் எழுதி முத்திரை வாங்க ஏறக்குறைய ஏழு மாதம். பெட்டிகள் ஒன்றாகச் சேர்ந்தால் அது பேலட். மனிதர்கள் ஒன்றாகச் சேர்ந்தால் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை.

8. இந்தப் பச்சை வழிக்குச் சீன விமான நிலையங்கள் முன்மாதிரி என்று சொன்னார்கள். அந்த ஊரையும் பார்த்துவிடுவோம். ஜெங்ஜோவில், ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் செய்யும் அதே நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. உச்சக்கட்டத்தில் ஒரு நாளைக்கு 5 லட்சம் ஐபோன் செய்யும் கொள்ளளவு. விமான நிலையம் பக்கத்திலேயே. சுங்கம் அதைவிடப் பக்கத்தில். 2022 அக்டோபரில் கொரோனாவுக்கென்று ஆலைக்குள்ளேயே அடைத்தபோது, தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு வேலியேறிக் குதித்து, வயல்வழியாகவும் நெடுஞ்சாலை வழியாகவும் சொந்த ஊருக்கு நடந்தார்கள். சாமான் போகும் வழி பச்சை. ஆள் போகும் வழி வேலி. முன்மாதிரியை முழுசாகவா எடுத்துக்கொண்டோம், பாதியா என்பதை அரசு தெளிவுபடுத்த வேண்டும்.

9. சரக்கு என்றாலும் எல்லாச் சரக்கும் ஒன்றல்ல என்பதையும் மனுதாரர் அறிவார். 2025 ஆகஸ்ட் கடைசியில் இந்தியச் சரக்கின்மேல் அமெரிக்க வரி 50 சதவீதமானது. கைப்பேசிக்கு விலக்கு கிடைத்தது. திருப்பூர் பனியனுக்குக் கிடைக்கவில்லை. இருபக்கமும் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரே மாதிரிப் பெண்கள்தான். ஒருத்தி தைக்கிறாள், ஒருத்தி திருகுகிறாள். தங்களுக்காகப் பேச யாரைப் பிடிப்பது என்று பனியன்களுக்குத் தெரியவில்லை. ஆகவே எங்களைப் பொதுவாகச் சரக்கு என்று போட்டுவிடாமல், தயவுசெய்து கைப்பேசி வகையிலேயே சேர்க்கும்படி வேண்டுகிறேன்.

ஆகவே ஐயா அவர்கள் சமூகம், மேற்படி பெண்களையும், இடம் இருந்தால் பட்டா மனுதாரரான என்னையும், சரக்காக வகைமாற்றம் செய்து, பச்சை வழியில் ஆறு மணி நேரத்துக்குள் அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பெரியவர் கடைசிப் புள்ளியை அழுத்தி வைத்தார். தாளைத் திருப்பி முதல் பக்கத்தின் மேலே பேனாவைக் கொண்டுபோனார்.

“இப்ப அனுப்புநர் சொல்லுங்க.”

“போடுங்க. ஏதோ ஒரு ஊரு. திருவண்ணாமலைப் பக்கம், தருமபுரிப் பக்கம். பஸ் ஏத்திவிட்ட அம்மா.”

“பெறுநர்?”

யோசித்தேன். ஆப்பிள் என்று போடலாமா? “அவங்க எங்க ஆளுங்க இல்லை, ஆலையோட ஆளுங்க” என்று அங்கே சொல்வார்கள். ஆலை? “ஒப்பந்தக்காரரோட ஆளுங்க” என்பார்கள். ஒப்பந்தக்காரர்? பெயர்ப் பலகையை மாற்றிக்கொண்டு அடுத்த வருஷம் வேறு கம்பெனியாக இருப்பார். அரசு? விசாரிக்கச் சொல்லியிருக்கிறோம் என்பார்கள்.

“தெரியலைங்க ஐயா.”

“என்னாங்க தம்பி இது. சரக்குன்னா வாங்கிக்கிறவன் பேரு இல்லாம லாரி ஷெட்டுலயே எடுக்கமாட்டான். நீங்க விமானத்துல ஏத்தணும்ங்கறீங்க. போய்ச் சேர்ந்ததும் எவன் கையெழுத்துப் போட்டு எடுத்துக்குவான்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த மனுவில் எத்தனையோ பேருடைய பெயரும் எண்ணும் தேதியும் இருக்கின்றன. சாப்பாடு கெட்டபோதும், கட்டில் இல்லாதபோதும், கல்யாணம் ஆனபோதும், “இவள் என் பொறுப்பு” என்று கையெழுத்துப் போட்ட ஒருவன் பெயரை மட்டும் காணோம். பெட்டி 13,000 கிலோமீட்டர் தாண்டிச் சிகாகோவில் ஒருவர் கைக்குப் போகிறது. அவர் திரையில் விரலால் ஒப்பமிட்டு வாங்கிக்கொள்கிறார். அவள் நாற்பது கிலோமீட்டருக்குள் நாலு கை மாறியும் வாங்கிக்கொள்ள ஆளில்லை.

பெரியவர் ‘பெறுநர்’ என்று எழுதி, புள்ளி வைத்து, கீழே மூன்று வரி காலியாக விட்டார். ஐம்பது ரூபாயை நீட்டினேன். நாற்பதை எடுத்துக்கொண்டு பத்தைத் திருப்பித் தந்தார்.

“முழுசா எழுதாத மனுவுக்கு முழுக் காசு வாங்கறதில்லை தம்பி. யாராச்சும் ஒத்துக்கிட்டாங்கன்னா வாங்க, பேரைப் போட்டுட்டு பாக்கியை வாங்கிக்கறேன்.”